அந்த ட்யூன் பேரு என்னன்னு கேட்டேன்

அயர்லாந்துல ஸ்லைகோ மாவட்டத்துத் தெக்குப் பகுதியில கர்ட்டீன்னு ஒரு குட்டி ஊர் இருக்கு. ரெண்டு ரோடு குறுக்க வெட்டிக்கிற இடத்துல நாலு கடை, ஒரு சர்ச், ரெண்டு மூணு பப், அவ்வளவுதான். ஆனா ஃபிடில், அதாவது வயலின், வாசிக்கிறவங்களுக்கு அது நம்ம திருவையாறு மாதிரி. நான் ஸ்லைகோ டவுனுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, சின்ன வயசுல கும்பகோணத்துல ஒரு மாமிகிட்ட எட்டு வருஷம் வயலின் கத்துக்கிட்டு அப்புறம் காலேஜ் வேலைன்னு விட்டுட்டேன், இங்க வந்தப்புறம்தான் பெட்டியத் திறந்து மறுபடியும் கையில எடுத்தேன். போன நவம்பர் மாசம் ஒரு ராத்திரி நல்ல மழையில கர்ட்டீனுக்கு கார் ஓட்டிக்கிட்டு போனேன், செஷன் கேக்கறதுக்கு.

செஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒரு மேஜையைச் சுத்தி ஏழெட்டு பேர் உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் ஆரம்பிப்பாரு, தெரிஞ்சவங்க சேந்துக்குவாங்க, ஒரு ட்யூனை மூணு தரம் வாசிச்சுட்டு மூச்சு விடாம அடுத்த ட்யூனுக்குத் தாவிடுவாங்க. எந்த ட்யூன்னு யாரும் அறிவிக்க மாட்டாங்க. தெரியணும்னா முடிஞ்சப்புறம் பக்கத்துல இருக்கறவரைக் கேக்கணும்.

அன்னைக்கு ரீல்ங்கற ஆட்ட மெட்டு ஒண்ணு வந்துச்சு. மொதல் பாகம் கேக்கும்போதே எனக்கு உள்ள என்னவோ பண்ணுச்சு, எங்கயோ கேட்ட மாதிரி, ஆனா எங்கன்னு பிடிபடல. ரெண்டாவது பாகத்துல வில்லு மேல் தந்திக்கு ஏறி, அங்கயே சுத்திச் சுத்தி நின்னு, மறுபடி கீழ இறங்கி வந்துச்சு. பக்கத்துல ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு வயசு இருக்கும், மாடு வளக்கறவர், விரல் ஒவ்வொண்ணும் முருங்கைக்காய் மாதிரி இருக்கு, அந்த விரலை வச்சுக்கிட்டு அவர் போடுற ரோல் இருக்கே, ஒரே சுரத்தை மேல ஒரு தட்டு கீழ ஒரு தட்டு தட்டி அஞ்சா உதிர்க்கிறது, மல்லிப்பூ கொட்டுற மாதிரி இருந்துச்சு. முடிச்சதும் கேட்டேன், ஐயா இது பேரு என்னன்னு.

"லார்ட் மெக்டொனால்ட்ஸ்" அப்படின்னாரு.

எதிர்ல புல்லாங்குழல் வாசிச்ச அம்மா, "அது கோல்மனோடது, பாலினஸ்லோ ஃபேருக்கு முன்னாடி வர்றது"ன்னு சொன்னாங்க. கோல்மன் இந்தப் பக்கத்துப் பழைய ஃபிடில்காரர், பாலினஸ்லோ ஃபேர் இன்னொரு ட்யூன். ஓரத்துல அமெரிக்காவுல இருந்து சுத்திப் பாக்க வந்த ஒருத்தர் பாஞ்சோவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அவர் சிரிச்சுக்கிட்டே, எங்க தாத்தா இதை லெதர் பிரிட்சஸ்னு சொல்வாரு, தோல் கால்சட்டைன்னாரு. யாரும் யாரையும் தப்புன்னு சொல்லல. பெரியவர் என் பக்கம் திரும்பி, வாசிக்கறதா இருந்தா அவசரப்படாதே, ஆடறவங்க கால் தரையில படணும்ல, அப்படின்னுட்டு அடுத்த ட்யூனுக்குப் போயிட்டாரு.

அந்த ராத்திரியில இருந்து ஒரு வருஷமா இந்த ஒரு ரீல் பின்னாடியே அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். அலைஞ்சதைத்தான் இங்க எழுதறேன்.

ரீல்ங்கறது ஆடறதுக்குப் போட்ட மெட்டு. வார்த்தை கிடையாது. ஒரு பாருக்கு எட்டு சின்னச் சுரம், எட்டு பார் சேந்தா ஒரு பாகம், அநேகமா ரெண்டு பாகத்தோட முடிஞ்சிடும், இந்த ரீல் மட்டும் அதோட நிக்காம நீண்டுக்கிட்டே போகும். ஆதி தாளத்துல வளந்த கைக்கு ரீல் கணக்கு உடனே பிடிபட்டுரும், எட்டெட்டாவே ஓடுது. ஆட்டத்துக்கும் ரீல்னே பேரு. ஸ்காட்லாந்துல 1590ல ஒரு பெரிய சூனியக்காரி வழக்கு நடந்துச்சு, அதுல மாட்டிக்கிட்ட கீலிஸ் டங்கன்ங்கற பொண்ணு மத்தவங்க ஆட ஒரு ரீல் வாசிச்சான்னு 1591ல அச்சான துண்டுப் பிரசுரத்துலயே இருக்கு. எதுல வாசிச்சா தெரியுமா, மோர்சிங்குல. ராஜா ஜேம்ஸே அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி கேட்டாராம். நம்ம கச்சேரியில மிருதங்கத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்குமே அதே சாமான்.

அப்ப ரீலுக்குச் சொந்த ஊர் ஸ்காட்லாந்து. அயர்லாந்துக்கு அது 18ஆம் நூற்றாண்டோட கடைசியிலதான் பெருசா வந்து சேருது. இன்னைக்கு ஐரிஷ் இசைன்னதும் நமக்கு மொதல்ல காதுல விழறதே ரீல்தான், அதுல எத்தனையோ ட்யூன் கடல் தாண்டி வந்தது. அயர்லாந்துக்கு வடமேக்குல டோனிகால் பக்கத்து ஜனங்க வருஷா வருஷம் ஸ்காட்லாந்துக்கு அறுவடைக்கும் உருளைக்கிழங்கு தோண்டவும் கூலிக்குப் போவாங்க, திரும்பி வரும்போது காசோட ட்யூனும் கொண்டு வருவாங்க. வந்த ட்யூனுக்குப் பழைய பேரும் கூடவே வந்தா உண்டு, இல்லன்னா புதுப் பேரு. ஸ்காட்லாந்துல கபார் ஃபே, அதாவது மான் கொம்புன்னு மெக்கென்ஸி குலத்துக்காரங்க கொண்டாடுற மெட்டு, அயர்லாந்துல ரேக்கிஷ் பேடி ஆயிடுச்சு. டேனியல் டோ ஃபிஷெரோ ஊர் அழகியைப் பத்திப் போட்ட ட்யூன் இங்க பானி கேட் ஆச்சு. இப்படி நிறைய. ஆனா நம்ம ரீலோட பிரபு மட்டும் பேரை விடாம கடல் தாண்டி வந்திருக்காரு.

சரி, யாரு அந்த லார்ட் மெக்டொனால்ட்?

ஸ்காட்லாந்துக்கு மேக்கால ஸ்கை தீவு. அதுல தெக்கால முனைக்குப் பேரு ஸ்லீட். அங்க இருந்த மெக்டொனால்ட் குலத்துத் தலைவர் சர் அலெக்சாண்டர் மெக்டொனால்ட். அண்ணன் ரோம்ல செத்துப்போனதால 1766ல பட்டத்துக்கு வந்தவரு. இங்கிலாந்துல ஈட்டன் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. சங்கீத ஞானம் உள்ளவரு, இந்த ரீல் அவரே போட்டதுன்னு ஃபிடில்காரங்க வழிவழியா சொல்லிக்கிட்டு வர்றாங்க. பேர்லயே ஒரு தேதியும் ஒளிஞ்சிருக்கு. அவர் பொறந்தது முதலே லார்ட் கிடையாது, 1776ல தான் 'பாரன் மெக்டொனால்ட்'ங்கற பிரபுப் பட்டம் வாங்கினாரு. அதனால மெட்டு எப்பப் பொறந்திருந்தாலும் சரி, லார்ட்ங்கற பேரு 1776க்கு முன்னாடி அதுமேல ஏறியிருக்க முடியாது. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தப் பட்டம் அவருக்குக் கிடைச்சது அயர்லாந்துப் பிரபுக்கள் வரிசையில, ஆன்ட்ரிம் மாவட்டத்து ஸ்லேட் அப்படின்னு எழுதி. ஸ்கையில இருக்கற தன் ஊர் பேரை அயர்லாந்துல ஒரு மாவட்டத்துக்குள்ள எழுதிக்கிட்டாரு. ஆக, ஸ்காட்லாந்து ரீல்னு நாம சொல்ற இந்த ட்யூன் தலையில இருக்கற லார்டு, சட்டப்படி ஐரிஷ் லார்டு.

இந்த மனுஷரை நமக்கு நேர்ல காட்டறது ரெண்டு பிரயாணிங்க. இங்கிலீஷுக்கு அகராதி எழுதின டாக்டர் ஜான்சனும் அவர் கூடவே திரிஞ்ச போஸ்வெல்லும் 1773ல ஸ்காட்லாந்துத் தீவுகளைச் சுத்தினாங்க. செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்கையில ஆர்மடேல் வீட்டுல சர் அலெக்சாண்டர்கிட்டதான் இறங்கினாங்க. உபசாரம் அவங்க எதிர்பார்த்த மாதிரி இல்ல. குலத்தலைவன்னா ஜனங்களைக் கூட்டி வச்சு விருந்து போடணும், நானா இருந்தா முழு மாட்டைச் சுட்டு கொடி ஏத்தி மெக்டொனால்டுங்க எல்லாம் வந்து கறியும் விஸ்கியும் சாப்பிடுங்கன்னு கூப்பிடுவேன்னு ஜான்சன் சொல்றாரு, இவர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடை சொல்றாரு. ஆயுதம் சேத்து வையுங்கன்னா துருப்பிடிக்கும்ங்கறாரு. போஸ்வெல் 1785ல பிரயாணத்தைப் புஸ்தகமாப் போட்டப்ப லார்டுக்குக் கடுங்கோவம் வந்து, ரெண்டாவது பதிப்புல அந்த இடங்களை எல்லாம் மென்மையாக்க வேண்டியதாப் போச்சு.

அதே மாசம் அதே ரெண்டு பேரும் பக்கத்துல ரேஸே தீவுக்குப் படகுல போனாங்க. அங்க இருந்த தலைவர் மெக்லாட், பத்து பொண்ணு மூணு பையன். போய் இறங்கினதுமே ஃபிடில்காரர் வந்தாச்சு, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு, வீட்டுத்தலைவரே எழுந்து ஆடினாரு. மறுநாள் மறுநாளும் அப்படியே. டன் கான்னு அங்க ஒரு மலை, தலை வெட்டின மாதிரி தட்டையா இருக்கும், அது உச்சியில ஏறி போஸ்வெல் ரீல் ஆடிட்டு வந்தாரு. அந்தக் குடும்பத்துப் பேர்லயும் ஒரு ரீல் இருக்கு, அது இந்த உலகத்துல அதிகம் வாசிக்கப்பட்ட ரீல்கள்ல ஒண்ணு. 1809ல ஸ்காட்லாந்து ஃபிடில் குடும்பமான கோ குடும்பத்தார் அச்சுல போட்டப்ப அது ரேஸே மிஸஸ் மெக்லாட். அயர்லாந்து வந்து சேந்தப்ப ரேஸேயும் போச்சு, கல்யாணமும் போச்சு, மிஸ் மெக்லாட்ஸ் ரீல் ஆயிடுச்சு. கேட்டவங்க காதுல விழுந்தது அப்படி. எத்தனையோ கிராமத்துல ஃபிடில் கத்துக்கற பசங்களுக்கு ஆரம்பத்துலயே வர்ற ட்யூன் அது.

நான் மறுபடி ஆர்மடேலுக்கே வர்றேன், அந்த இடத்தை விட்டு என்னால போக முடியல.

அப்ப ஸ்கையில குத்தகை ஏறிக்கிட்டே போச்சு. மெக்டொனால்ட் நிலத்துலயும் அப்படித்தான். கட்ட முடியாதவங்க, கட்டப் பிடிக்காதவங்க, தலைமுறையா அந்தத் தலைவருக்காகக் கத்தி எடுத்த குடும்பங்க, எல்லாம் கப்பலேறி அமெரிக்கா போக ஆரம்பிச்சாங்க, நிறைய பேர் வட கரோலினாவுக்கு. போர்ல தோத்து ஓடின இளவரசர் சார்லியை வேலைக்காரி வேஷத்துல படகுல தப்ப வச்சாளே ஃப்ளோரா மெக்டொனால்ட், அவளே 1774ல புருஷனோட அங்க கிளம்பிட்டா. போஸ்வெல் அக்டோபர் 2ஆம் தேதி மறுபடி ஆர்மடேல்ல இருக்காரு. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல ஆட்டம். ஒரு புது ஆட்டம் ஆடினாங்களாம், அதுக்குப் பேரு 'அமெரிக்கா'. மொதல்ல ஒரு ஜோடி சுத்த ஆரம்பிக்கும், அப்புறம் இன்னொரு ஜோடி, அதைப் பாத்து இன்னொண்ணு, கடைசியில எல்லா ஜோடியும் சுத்தும். ஒரு வீடு கிளம்பினா பக்கத்து வீடு கிளம்பும், அப்படியே ஊரே கப்பல்ல மிதக்கும், அதைத்தான் இந்த ஆட்டம் காட்டுதுன்னு அவர் எழுதறாரு.

அந்தப் பக்கத்துலயே இன்னொரு விஷயம். மெக்கின்னன்னு ஒரு அம்மா அவர்கிட்ட சொன்னது. முந்தின வருஷம் ஸ்கையில இருக்கற போர்ட்ரீ துறையில இருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கிளம்பினப்ப கரையில நின்ன சொந்தக்காரங்க தரையில விழுந்து புரண்டு புல்லைப் பல்லால பிடுங்கினாங்களாம். இந்த வருஷம் கப்பல் கிளம்பினப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம். எப்படியும் நாமளும் சீக்கிரம் அங்கதானே போகப் போறோம்னு நின்னாங்களாம்.

இதை நான் முதல்ல படிச்சது ஒரு நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போது. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டேன்.

இந்த வருஷம் ஜூன்ல லீவு போட்டு ஸ்கைக்குப் போனேன். மலெய்க்ல இருந்து ஃபெர்ரி நேரா ஆர்மடேலுக்கே போகுது. இப்ப அங்க நிக்கிற கோட்டை 1815ல கட்ட ஆரம்பிச்சது, லார்டு செத்து இருபது வருஷம் கழிச்சு. அதுவும் பாதி இடிஞ்சு கூரை இல்லாம கெடக்கு, படிக்கட்டு மட்டும் வானத்தைப் பாத்துக்கிட்டு ஏறுது, சுவர்ல ஈரப்பாசி. ஆட்டம் ஆடின அந்தப் பழைய வீடு எங்கன்னு தேடிப் பாத்துட்டு கடல் பக்கம் வந்து உக்காந்தேன். எதிர்ல மலை, நடுவுல நீலமா ஜலசந்தி. கரையில புல்லு முழங்கால் உசரம். நான் கொஞ்சம் புல்லைக் கையால பிடிச்சு இழுத்துப் பாத்தேன். வேர் லேசுல வரல. பல்லால பிடுங்கணும்னா எவ்வளவு வெறி வேணும்.

இப்ப அமெரிக்காவுக்கு வர்றேன். இதே ரீல் அங்க மலைக்காட்டு ஃபிடில்காரங்ககிட்ட லெதர் பிரிட்சஸ் ஆயிடுச்சு. தெற்கு மாகாணங்கள்ல அது தெரியாத பழைய ஃபிடில்காரரே இல்லைன்னு சொல்லலாம், 1920கள்லயே இசைத்தட்டுல வந்துடுச்சு. லெதர் பிரிட்சஸ்னா தோல் கால்சட்டை. ஆனா அப்பலாச்சிய மலையில அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, பீன்ஸை ஊசி நூல்ல கோத்து அடுப்பு மேல தொங்கவிட்டுக் காய வச்சு குளிர்காலத்துல வேக வச்சுத் தின்பாங்க, அந்த பீன்ஸ் வத்தலுக்கும் அதே பேருதான், நம்ம வீட்டு கொத்தவரங்கா வத்தல் மாதிரி. பிரபுவோட பேரு எங்க போச்சு? ஒரு மலைக்காரன் கால்சட்டை அந்த இடத்துல வந்து உக்காந்துடுச்சு.

என் மனசு இதை இப்படித்தான் எடுத்துக்குது. ட்யூன் அச்சுப் புஸ்தகத்துல போயிருக்கலாம், பட்டாளத்தோட போயிருக்கலாம், நடன வாத்தியாரோட போயிருக்கலாம், எத்தனையோ வழி. ஆனா ஒரு லார்டோட நிலத்துல இருந்து கிளம்பின ஜனங்க போய்ச் சேந்த கரையில, அந்த லார்டோட ரீல் அவர் பேரு இல்லாம கிடைக்குதுன்னா எனக்கு அதுல ஒரு நியாயம் தெரியுது. மெட்டு நல்ல மெட்டு, அதை எதுக்கு விடணும். பேரை மட்டும் கரையிலயே விட்டுட்டுப் போனா போதும்.

அயர்லாந்துல மட்டும் பேரு நிலைச்சதுக்கு எனக்குத் தெரிஞ்சு பெரிய காரணம் ஒரு காகிதத் துண்டு. இசைத்தட்டு நடுவுல ஒட்டுற வட்ட லேபிள். மைக்கேல் கோல்மன் 1891ல கர்ட்டீனுக்குப் பக்கத்துல கில்லாவில்ல பொறந்தவரு, 1914ல அமெரிக்கா போனாரு, 1921ல இருந்து 1936 வரைக்கும் நியூயார்க்ல எண்பது பக்கத்துக்கு கிட்ட இசைத்தட்டு வாசிச்சாரு. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம். அதுல ஒரு பக்கம்தான் லார்ட் மெக்டொனால்ட்ஸும் பாலினஸ்லோ ஃபேரும் சேந்தது, பாலினஸ்லோங்கறது கால்வேயில குதிரைச் சந்தை நடக்குற ஊரு. அந்தத் தட்டை இன்னைக்கும் கேக்கலாம். கூட வாசிக்கற பியானோக்காரருக்கு ட்யூன் எங்க போகுதுன்னே தெரியாம எதையோ தட்டிக்கிட்டு இருப்பாரு, அதுக்கு நடுவுல அந்த ஃபிடில் ஒரு இடத்துலயும் இடறாம, ஒரு சுரம் கூட சிந்தாம, மூணு நிமிஷமும் சிரிச்சுக்கிட்டே ஓடும்.

அந்தத் தட்டுங்க தபால்ல ஸ்லைகோவுக்கு வந்துச்சு. கிராமபோன் இருக்கற வீட்டுல ஊரே கூடிக் கேக்கும். கோல்மன் எந்த ட்யூனுக்குப் பின்னாடி எந்த ட்யூன் வாசிச்சாரோ அந்த ஜோடி அப்படியே நின்னுபோச்சு, லேபிள்ல என்ன பேரு அச்சடிச்சாங்களோ அதுவே பேராச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பாணி இருந்துச்சு, எல்லாரும் ஸ்லைகோ பாணியைப் பிடிச்சுக்கிட்டதுல சில பாணிங்க மெலிஞ்சே போச்சுங்கறதும் உண்மை, அதை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. கோல்மன் 1945ல நியூயார்க்ல செத்தாரு, பிராங்ஸ்ல புதைச்சிருக்காங்க.

அச்சுன்னு சொன்னா இன்னொருத்தரையும் சொல்லணும். கார்க் மாவட்டத்துல 1848ல பொறந்த பிரான்சிஸ் ஓ'நீல். கப்பல்ல ஓடிப்போய் உலகம் சுத்தி, பசிபிக் கடல்ல கப்பல் உடைஞ்சு தீவுல மாட்டி உயிர் பிழைச்சு, கடைசியில சிகாகோ போலீசுக்கே தலைவரானவரு, 1901ல இருந்து 1905 வரைக்கும். தன் காதுல இருந்ததையும் சிகாகோவுல இருந்த ஐரிஷ்காரங்க காதுல இருந்ததையும் சேத்து 1903ல 1850 ட்யூனை ஒரே புஸ்தகமாப் போட்டாரு. புஸ்தகத்துல போடணும்னா ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பேரு வேணும்ல. பேரு தெரியாத ட்யூனுக்கு அதை யார்கிட்ட வாங்கினாரோ அவங்க பேரையே வச்சுட்டாரு. இதுதான் ஐரிஷ் வழக்கமும். ஜான் கிட்ட கத்துக்கிட்டா அது ஜானோட ரீல். போட்டவர் பேரு தெரியணும்னு அவசியம் கிடையாது, கொடுத்தவர் பேரு போதும்.

ஒண்ணுமே கிடைக்கலன்னா கன் அனிம்னு எழுதுவாங்க. ஐரிஷ் மொழியில பேரில்லாததுன்னு அர்த்தம், எத்தனையோ இசைத்தட்டு உறையில அதுவே பேரா அச்சாகியிருக்கு. கிழக்கு கால்வேயில பேடி ஃபாஹின்னு ஒரு விவசாயி, 2019ல செத்தாரு, நூறு வயசைத் தாண்டி வாழ்ந்தவரு, அழகழகா மெட்டுப் போட்டவரு, ஒண்ணுக்குக் கூட பேரு வைக்கல. அதனால எல்லாமே பேடி ஃபாஹியோட ரீல்தான். எந்த பேடி ஃபாஹின்னு கேட்டா ஆரம்பத்தை வாயால முணுமுணுத்துக் காட்டுவாங்க.

நம்மகிட்ட இந்தச் சிக்கல் வராது. நமக்குப் பாட்டுன்னா வார்த்தை இருக்கு, பல்லவியோட மொத ரெண்டு வார்த்தைதான் பேரு. நாடகப் பாட்டுப் புஸ்தகத்துலயும் கும்மிப் பாட்டுப் புஸ்தகத்துலயும் மேல 'இன்ன பாட்டு வர்ணமெட்டு'ன்னு போட்டிருக்கும், அதுவும் இன்னொரு பாட்டோட மொத வார்த்தைதான். ரீலுக்கு வார்த்தை இல்லாததால பேரு வெளியில இருந்து வந்து ஒட்டணும். ஒட்டினது உரிஞ்சும் போகும்.

அன்னைக்கு கர்ட்டீன்ல மூணு பேரு கேட்டேன்னு சொன்னேன்ல, நாலாவது பேரு எனக்குள்ளயே இருந்துச்சு. ராத்திரி கார்ல திரும்பி வரும்போது, வைப்பர் ஓடுற தாளத்துக்கு அந்த மொத பாகத்தை முனகிக்கிட்டே வர்றேன், ரவுண்டானா பக்கத்துல வாய் தன்னால வார்த்தை போட்டுச்சு. ஜகதீச குருகுஹ ஹரிவிதி. எட்டு வயசுல மாமி வீட்டுத் திண்ணையில சப்பணம் போட்டு, வயலின் நுனியைக் குதிகால்ல முட்டுக் கொடுத்து வாசிச்ச நோட்டுஸ்வரம்.

முத்துஸ்வாமி தீட்சிதர் குடும்பம் மணலியில இருந்த காலத்துல, அங்க இருந்த முதலியாரோட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க பேண்டு கேப்பாங்க. தம்பி பாலுஸ்வாமி அங்கதான் ஐரோப்பிய ஃபிடிலைக் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தாரு. அண்ணன் அந்த பேண்டு மெட்டுங்களுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டாரு, அதுதான் நோட்டுஸ்வரம். எல்லாம் சங்கராபரண சுரங்கள். இங்கிலாந்து ராஜா பாட்டு மெட்டுல ஒண்ணு, மாலோ ஊர் ஐரிஷ் மெட்டுல 'வந்தே மீனாக்ஷி'. ஜகதீச குருகுஹவோட மூல மெட்டு லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்னு இதை ஆராய்ஞ்சவங்க எழுதியிருக்காங்க. தீட்சிதர்கிட்ட வந்தப்ப ரீலோட ஓட்டமெல்லாம் உதிர்ந்து எலும்பு மட்டும் நிதானமா நிக்குது, சின்னக் குழந்தை விரலுக்கு எட்டுற மாதிரி. குருகுஹங்கறது தீட்சிதரோட முத்திரை, அது பல்லவியிலயே வந்துடுது. ஜகதீசன்னா உலகத்துக்கே லார்டு. ஸ்கை பிரபு இருந்த இடத்துல ஈஸ்வரனை உக்கார வச்சாச்சு. மூல மெட்டோட பேரு தீட்சிதர் காதுக்கு எட்டுச்சோ இல்லையோ, அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

போன ஞாயித்துக்கிழமை மாமிக்கு வீடியோ கால் போட்டேன். எண்பத்தி ரெண்டு வயசு. கேட்டராக்ட் ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணுல பிளாஸ்திரி, மத்தபடி அதே குரல். போனை டீ டப்பா மேல சாய்ச்சு வச்சுட்டு, கோல்மன் தட்டுல இருந்து பிடிச்ச மாதிரியே ரெண்டு பாகம் வாசிச்சேன், ரோல் எல்லாம் போட்டு. மொத பாகம் ரெண்டாவது தரம் திரும்பறதுக்குள்ள மாமி தொடையில தாளம் போட ஆரம்பிச்சுட்டாங்க. முடிச்சுட்டு, மாமி இது என்னன்னு தெரியுதான்னேன்.

"ஏன்டி, ஜகதீச. இதைக் கேட்டா தெரியாதா எனக்கு."

ஸ்கை, கோல்மன், தோல் கால்சட்டை, எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். மாமி பொறுமையா கேட்டுட்டு, "சரி, அந்த ரெண்டாவது பாகம் மேல போறதே, அது நம்ம பாடத்துல இல்லையே, அதை இன்னொரு தரம் வாசி. காலத்தைக் குறைச்சுக்கோ, ஓடாதே"ன்னாங்க. வாசிச்சேன். பாதியில நிறுத்தச் சொல்லி, மேல போன அந்த இடத்தை வாயாலயே சுரமாப் பாடி, காகிதத்துல எழுதிக்க யாரையோ பேனா கேட்டாங்க.